எல்லாவற்றுக்கும் ஆம்

அச்சகத்தில் அவளுக்கு வைத்த பெயர் வெந்நீர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவளைப் போல எந்நேரமும் பறந்துகொண்டே இருப்பாள் என்பதால் வந்த பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். அவளுக்கும் அதில் கோபம் இல்லை. தொலைபேசியை எடுத்தால் அவளே "வெந்நீர் பேசறேன், சொல்லுங்க" என்பாள். எதிரில் இருப்பவர் பாதி சொல்வதற்குள் "சரி சரி, புரிஞ்சுது" என்று வைத்துவிடுவாள். புரிந்ததா என்பது வேறு விஷயம்.

நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் பிறந்ததே எட்டாம் மாதத்தில்தான். "வயித்துக்குள்ளயே இவளுக்கு இருப்புக் கொள்ளல" என்று அவளுடைய அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நாட்களில், வரப்போகிற கணவர் தயங்கித் தயங்கி, "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "பரவாயில்லைங்க, எனக்குச் சம்மதம்" என்று முடித்துவிட்டாள். அவர் சொல்ல வந்தது, தனக்குக் குறட்டை உண்டு, அதுவும் சாதாரணக் குறட்டை இல்லை என்பது. அதை அவள் முதல் வாரத்தில் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவள் வேலை பார்ப்பது பார்வையற்றவர்களுக்கான புத்தகங்களை அச்சிடும் இடத்தில். தடித்த தாளில் புள்ளி புள்ளியாகப் புடைத்து நிற்கும் பிரெயில் எழுத்து. மூன்று பெரிய இயந்திரங்கள் கீழ்த்தளத்தில் காலையிலிருந்து சாயந்தரம் வரை தடதடவென்று தாளைக் குத்திக்கொண்டிருக்கும். மேல்தளத்தில், நடைபாதையின் கடைசியில், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை. அதுதான் வெந்நீரின் ராஜ்யம். அச்சகத்தின் கணினிகள் அத்தனைக்கும் அவள்தான் வைத்தியர். புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து கிடக்கும் பெரிய டிஸ்க்கும் அந்த அறையில்தான், மேஜைக்குக் கீழே, அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த டிஸ்க்கை அவளைவிட அதிகம் நம்பியவர் ஒருவர் உண்டு. விரல் சார். அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துபவர். பிறவியிலேயே பார்வை இல்லை. இடதுகை ஆள்காட்டி விரலால் ஒரு வரியைத் தடவினால், கண்ணுள்ளவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நாலு பிழை சொல்லிவிடுவார். அந்த விரலை அவர் பாதுகாத்த பாதுகாப்பைப் பார்த்தால் மோதிரத்துக்கே பொறாமை வரும். சூடான டம்ளரை அந்தக் கையால் தொடமாட்டார், மிளகாய் கிள்ளமாட்டார், கதவிடுக்கில் கொண்டுபோகமாட்டார். சரியாக ஐந்து பத்துக்கு வரும் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார். மூடியைத் திறந்து முள்ளைத் தொட்டுப் பார்க்கும் கைக்கடிகாரம் ஒன்று வைத்திருந்தார். ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த மூடி திறக்கும் சத்தம் கேட்கும்.

ஏழு மாதமாக அவர் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு பாடம். அந்தப் புத்தகத்தின் மேல் அவருக்கு ஒரு தனி வைராக்கியம் இருந்தது. முந்தின வருடப் புத்தகத்தில், இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தில், ஒரு கழித்தல் குறி விழாமல் போயிருந்தது. இரண்டே புள்ளி. வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு பெண் அச்சகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், பத்து தடவை போட்டுட்டேன். விடை வரல. புத்தகம் தப்பா, நான் தப்பா?" என்று கேட்டாள். அவள் குரலில் அழுகை இருந்தது. அன்றைக்கு விரல் சார் மத்தியானம் சாப்பிடவில்லை. இந்த வருடம் ஒரு புள்ளியும் தப்பக்கூடாது என்று தனியாளாக உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஏழு மாதத் திருத்தமும் டிஸ்க்கில் இருந்தது. வேறு எங்கும் இல்லை. இருந்திருக்க வேண்டும். வாரா வாரம் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த இரண்டாவது டிஸ்க் ஏழு மாதத்துக்கு முன்பே நிரம்பிவிட்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் "இடம் போதவில்லை, நகல் எடுக்கவில்லை" என்று திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். வெந்நீர் அதைப் படிக்காமலே "சரி"யை அழுத்தி மூடிவிடுவாள். பெட்டி வந்தால் மூடுவது அவளுக்குக் கொசு அடிப்பது மாதிரி. கை தானாகப் போகும்.

அந்த வியாழக்கிழமை காலை விரல் சார் வாசலில் வந்து நின்றார்.

"வெந்நீர், கோப்பு தொறக்க ரொம்ப நேரமாகுதும்மா. எழுதினா ஏத்துக்கவும் மாட்டேங்குது. அதோட உன் மேஜைக்கடியில ஏதோ டிக் டிக்னு கேக்குதே, கடிகாரமா?"

"பாத்துடறேன் சார், அஞ்சு நிமிஷம்" என்றாள். அந்த நேரம் கீழ்த்தளத்தில் இரண்டாவது இயந்திரம் தாளைக் கவ்விக்கொண்டு நின்றிருந்தது. ஆள் மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள்.

திரையைப் பார்த்தாள். டிஸ்க்கில் பிழை இருக்கிறது, இனி இதில் எழுத விடமாட்டேன் என்று கணினியே பூட்டு போட்டுக்கொண்டிருந்தது. புத்தியுள்ள இயந்திரம். மனுஷிக்குத்தான் பொறுமை இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிஸ்க் என்பது ஒரு பெரிய கிடங்கு. எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்று ஒரு பதிவேடு உண்டு. அந்தப் பதிவேட்டில் குளறுபடி வந்தால், அதைச் சரிசெய்ய ஒரு பழுதுநீக்கும் நிரல் இருக்கிறது. பதிவேடு மட்டும் குழம்பியிருந்தால் அது நல்ல மருந்து. ஆனால் கிடங்கின் அடுக்குகளே இற்றுப்போயிருந்தால் அதே நிரல் எமன். படிக்க முடியாத இடத்தையெல்லாம் காலி என்று நினைத்து, பதிவேட்டிலிருந்து அடித்துக்கொண்டே போகும். அதனால் டிஸ்க் நோயாளியா என்று முதலில் நாடி பார்க்க வேண்டும். நோயாளி என்றால் அதில் கை வைக்காமல், உள்ளே இருப்பதை அப்படியே வேறொன்றுக்கு நகலெடுத்து, மருந்தை நகலுக்குத்தான் கொடுக்க வேண்டும். இது வெந்நீருக்குத் தெரியாதா? அவள் மேஜைக்கு மேலே சுவரில், அவளே பெரிய எழுத்தில் அடித்து ஒட்டிய தாள் இருந்தது: "முதலில் நகல். பிறகுதான் மருந்து." ஊருக்கு உபதேசம்.

பழுதுநீக்கும் நிரலை நேராக டிஸ்க்கின் மேலேயே ஓடவிட்டாள். அது மரியாதையாக ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டது. இந்தப் பதிவு கெட்டிருக்கிறது, சரிசெய்யட்டுமா? ஆம். இந்தக் கோப்புக்கு உரிமையாளர் இல்லை, நீக்கட்டுமா? ஆம். இந்தத் தொகுதியைப் படிக்க முடியவில்லை, தொடரட்டுமா? ஆம். பன்னிரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள். பதிமூன்றாவது வந்தபோது கீழேயிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். நிரலை நிறுத்தி, ஒரே எழுத்தைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டாள். எல்லாவற்றுக்கும் ஆம், என்னை எதுவும் கேட்காதே என்று அந்த எழுத்துக்கு அர்த்தம். மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போனாள்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தாள். "கோப்பு அமைப்பு திருத்தப்பட்டது" என்று திரை பெருமையாகச் சொன்னது. கணக்குப் புத்தகக் கோப்புகள் இருக்கும் அடைவைத் திறந்தாள். திறக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. பக்கத்தில் இருந்தவையும் இல்லை. மேஜைக்கடியில் டிக் டிக் சத்தம் டக் டக்காக மாறியிருந்தது. அப்போதுதான் நாடி பார்த்தாள். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். படிக்க முடியாத இடங்கள் போன மாதம் எட்டு, இன்றைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் என்று அதில் தெளிவாக இருந்தது. ஒரு நிமிட வேலை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

கணினியை அணைத்தாள். விரல் சார் அங்கேயே, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"டிஸ்க்கு போயிடுச்சு சார். வயசாயிடுச்சு அதுக்கு."

பொய் இல்லை. உண்மையும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அவள் ஒரே வாக்கியத்தில் செய்து முடித்தாள். அன்று மத்தியானமே மேலாளருக்கு அறிக்கையும் எழுதிக் கொடுத்தாள். காரணம்: முதுமை.

மேலாளர் கைபேசியில் எதைப் படித்தாலும் அதில் நிபுணராகிவிடுகிற மனிதர். "ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா டிஸ்க்கு உயிர் வந்துடுமாமே?" என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே குளிர்ந்து செத்தது. பிறகு அவர் நாள் கணக்குப் போட்டார். பள்ளி திறக்குமுன் எழுநூறு பிரதி போய்ச் சேர வேண்டும். அதற்குப் பதினோராம் நாள் சாயந்தரத்துக்குள் கோப்பு கீழ்த்தளத்துக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் ஏழு மாதத்துக்கு முந்தின, திருத்தாத பிரதிதான் அச்சாகும்.

"அந்தத் தப்போடவா?" என்றார் கூடவே வந்திருந்த விரல் சார்.

"வேற வழி?" என்ற மேலாளர் அத்தோடு விடவில்லை. "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க சார். ஒரு பாடத்துக்கு ஒம்பது காப்பி, பத்து காப்பின்னு சேத்து வெச்சிருக்கீங்க. டிஸ்க்கு என்ன பண்ணும், வயிறு வெடிச்சுப் போச்சு. இனிமே பாடத்துக்கு ஒரு காப்பிதான்."

விரல் சார் ஒவ்வொரு முறை திருத்தும்போதும் பழையதை அழிக்காமல் புதிதாக ஒன்று சேமிப்பார். முதல் நாள் சரி என்று நினைத்தது மூணாம் நாள் தப்பாகத் தெரியலாம், திரும்பிப் போக ஒரு வழி வேண்டும் என்பது அவர் பழக்கம். டிஸ்க் கெட்டதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அங்கேயே நின்று, சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி சார்" என்றார் விரல் சார், மெதுவாக.

அன்று சாயந்தரம் வீட்டில் வெந்நீர் குட்டிபோட்ட பூனையாகச் சுற்றினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் இரண்டு தடவை பார்த்து, மூன்றாவது தடவை தொடுகிற ஆள். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

அவர் அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி வைத்தார். பிறகு, "லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க உள்ளேருந்து கத்துவாங்க. நான் வெளியிலேருந்து சொல்ற முதல் வார்த்தை என்ன தெரியுமா? எதையும் அமுக்காதீங்க. அமுக்கிட்டே இருந்தா நான் போய்ச் சேர்றதுக்குள்ள இருக்கிறதும் கெட்டுடும்."

"இப்ப நான் என்னங்க பண்றது?"

"அமுக்காத. நகல் எடு. அப்புறம் அவர்கிட்ட சொல்லிடு."

முதல் இரண்டையும் செய்தாள். மூன்றாவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

நகலெடுக்கும் நிரல் பொறுமைசாலி. நல்ல இடங்களை முதலில் படித்து எடுத்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து மெல்ல மெல்லச் சுரண்டும். மொத்தம் முப்பத்தோரு மணி நேரம் ஆனது. அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதுதான் அவளுக்கு வராது. ஜன்னலைத் துடைத்தாள். கம்பிகளை எண்ணினாள். சதவீதம் ஏறுகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தாள். ஒரு மணி நேரம் முழுக்க அறுபத்தொன்றிலேயே நின்றபோது, நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாமா என்று விரல் விசைப்பலகைக்கு மேல் போய்விட்டது. மறு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நகல் முடிந்தது. கால் சதவீதம் மட்டும் கடைசிவரை படிக்க முடியவில்லை. டிஸ்க் அதன் பிறகு சுழலவே இல்லை.

கிடங்கு கிடைத்துவிட்டது, பதிவேடு கிடைக்கவில்லை. பதிவேட்டைத்தான் அவளுடைய ஆம்கள் தின்றிருந்தனவே. பதிவேடு இல்லாமல், அடுக்கு அடுக்காகத் தடவி, இது எழுத்து மாதிரி இருக்கிறது என்று பொறுக்கியெடுக்கும் முறை ஒன்று உண்டு. அப்படிப் பொறுக்கியதில் பதினோராயிரம் துண்டு வந்தது. எதற்கும் பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் எண்தான். பாடத் தலைப்புகளைத் தேடி வடிகட்டியதில் கணக்குப் புத்தகத்துக்கு இருநூற்று முப்பத்தாறு தேறியது. அதாவது ஒரே பாடம் ஒன்பது முறை, பத்து முறை. எது கடைசியாகத் திருத்தியது, எது முதலில் திருத்தியது என்று சொல்ல ஆள் இல்லை.

"பழசுலேருந்து ரொம்ப மாறியிருக்கிறதுதான் கடைசி. ஒப்பிட்டுப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல பிரிச்சுடலாம் சார்" என்றாள்.

"ஆகாதும்மா. நான் தப்பாத் திருத்திட்டு, அடுத்த நாள் பழையபடி மாத்தியிருப்பேன். கம்மியா மாறியிருக்கிறதுகூடக் கடைசியா இருக்கும்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "நான் ஒரு அடையாளம் வைப்பேன். யாருக்கும் சொன்னதில்ல. பாடம் முழுசா முடிஞ்சுதுன்னா கடைசி வரிக்கப்புறம் ரெண்டு வெத்து இடம் விட்டுடுவேன். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்."

வெந்நீர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வருடத்துக்கு முன், இயந்திரம் வேகமாக ஓட வேண்டும் என்று, வரிகளின் கடைசியில் இருக்கும் வெற்று இடங்களையெல்லாம் தினமும் சாயந்தரம் துடைத்துவிடும் குட்டி நிரல் ஒன்றை எழுதி வைத்தவள் அவள். அவருடைய அடையாளத்தை அன்றாடம் பெருக்கித் தள்ளியிருக்கிறாள். இதை உடனே சொல்லிவிட்டாள்.

விரல் சார் சிரித்தார். "நல்லாப் போச்சு. எனக்குத் தெரியாம எனக்கே துடைப்பமா? சரி விடு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாத."

அந்தச் சிரிப்பு அவளைக் குத்தியது. சின்னத் தப்பைச் சொல்ல முடிகிறது, பெரியதைச் சொல்ல வாய் வரவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. பிரதிகளை ஒப்பிட்டு, வித்தியாசப்படும் இடங்களை மட்டும் கணினி எடுத்துக் கொடுக்கும். கண்ணுள்ளவர்களுக்கான அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் அந்த வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அவர் கணினியோடு இணைத்த தன் பலகையில், ஊசி ஊசியாக எழும் பிரெயில் வரியைத் தடவிப் பார்த்து எது சரி என்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பிரெயில் தெரியாது, அவருக்கு அச்சுத் தெரியாது. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் ஒரு வரி நகர முடியாது.

"எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் ஏழு எக்ஸ் கூட்டல் பன்னெண்டு."

"ம்."

"சமம் பூஜ்ஜியம், அடுத்தது எக்ஸ் கழித்தல்..."

"இரு. நான் இன்னும் 'ம்' சொல்லல."

முதல் இரண்டு நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். முழங்கால் ஆடியது, பேனாவைத் தட்டினாள். அவர் பேனாவை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாளிலிருந்து அவள் அவருடைய விரலைப் பார்க்க ஆரம்பித்தாள். போகிற விரல் ஓரிடத்தில் நின்று, ஒரு நூல் பின்னால் வந்து, மறுபடி போகும். அது நின்ற இடத்திலெல்லாம் ஏதோ ஒன்று இருந்தது. பல பாடங்களில் கடைசிப் பிரதி படிக்க முடியாமல் போன கால் சதவீதத்தில் விழுந்துவிட்டிருந்தது. அதற்கு முந்தின பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். மேலாளர் குப்பையாக நினைத்த அந்தச் சேமிப்புதான் புத்தகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியத் தெரிய, உட்கார்ந்த நாற்காலி முள்ளாகியது.

ஒன்பதாம் நாள் சாயந்தரம் இருபத்தோரு பாடம் சேர்ந்துவிட்டது. மிச்சம் ஒன்று, இருபடிச் சமன்பாடுகள். அதில் எட்டுப் பிரதி கிடைத்திருந்தது. எட்டையும் பார்த்தார்கள். எட்டிலும் அந்தக் கழித்தல் குறி இல்லை. அவர் அந்தப் பாடத்தைத் திருத்த ஆரம்பித்த முதல் வாரத்துப் பிரதிகள் அவை. பிற்பாடு திருத்தியது எதுவும் மிஞ்சவில்லை.

விரல் சார் பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வெந்நீர், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அன்னைக்கு டிக் டிக்னு சத்தம் வந்தும் நான் ரெண்டு மூணு தடவை சேமிச்சுப் பாத்தேன். ஏத்துக்கலன்னு மறுபடி மறுபடி அமுக்கினேன். அதனாலதான் போச்சா? இல்ல மேலாளர் சொன்ன மாதிரி நான் சேத்து வெச்சதுனாலயா?"

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நீங்க இல்ல சார். நான்தான். நகல் எடுக்காம நேரா டிஸ்க்கு மேலயே பழுது பாத்தேன். ஒவ்வொண்ணா கேட்டுச்சு. எனக்குப் பொறுமை இல்ல. எல்லாத்துக்கும் ஆம்னு போட்டுட்டுக் கீழ போயிட்டேன்."

கீழ்த்தளத்தில் இயந்திரங்கள் நின்றுவிட்டிருந்தன.

"எத்தனை கேட்டுச்சு?"

"குறிப்புல இருக்கு சார். மூவாயிரத்து நானூத்தி ஏழு."

"அத்தனைக்கும்?"

"பன்னெண்டுக்குப் பாத்துச் சொன்னேன். மிச்சத்துக்குப் பாக்கல."

அவர் எழுந்தார். மடக்குத் தடியை விரித்தார். அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. குரல் உயரவில்லை, ஆனால் நடுங்கியது. "புத்தகம் தப்பா நான் தப்பான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. ஒம்பது நாளா நானும் அதையேதாம்மா கேட்டுட்டிருந்தேன். தினமும் உன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு." கடிகார மூடியைத் திறக்காமலே பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் அவள் எட்டு மணிக்கே வந்துவிட்டாள். ஒன்பது ஆனது, பத்து ஆனது. பெஞ்ச் காலியாகவே இருந்தது. பத்தரைக்குப் புதிதாக ஒரு அறிக்கை எழுதிக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

"டிஸ்க்கு நோயாளிதான் சார். ஆனா கொன்னது நான். வார நகல் நின்னுபோனதையும் நான் பாக்கல. எல்லாம் எழுதியிருக்கேன். விரல் சாரோட ஒம்பது காப்பிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்தக் காப்பிங்க இல்லன்னா இன்னைக்குப் புத்தகமே இல்ல."

"இதை மேல அனுப்பினா உன்கிட்ட விளக்கம் கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும் சார்."

"பதவி உயர்வுக்கு உன் பேரு போயிருக்கு."

"தெரியும் சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கைபேசியில் படித்தது எதுவும் அப்போது அவருக்கு உதவவில்லை. "நான் அவர்கிட்ட அப்படிப் பேசியிருக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்தபோது விரல் சார் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காலை வணக்கம் இல்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "முதல் பக்கத்துலேருந்து படி. வித்தியாசம் பாக்க ஒண்ணும் இல்ல. மொத்தமும் புதுசாப் பாக்கணும். நான் 'ம்' சொன்னாத்தான் அடுத்த வரி" என்றார்.

அறுபத்தோரு பக்கம். அன்றும் மறுநாளும் அவள் படித்தாள், அவர் தடவினார். முதல் நாள் மத்தியானம்வரை 'ம்' தவிர அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மௌனம் அவளை வதைத்தது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. தொண்டை கட்டிப்போனதும் தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தாள். நாற்பதாம் பக்கத்தில் போன வருடத்துக் கழித்தல் குறி வந்தது. அவள் வரியைப் படித்துவிட்டுக் காத்திருந்தாள். விரல் நின்றது, பின்னால் வந்தது. அவர் இரண்டு புள்ளியை அழுத்தினார். "ம்" என்றார். அவளுக்குக் கண் கலங்கியது. குரலில் தெரிந்துவிடக் கூடாதே என்று அடுத்த வரிக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

பதினோராம் நாள், நாலே முக்கால். கடைசி வரி முடிந்தது. வாசலில் மேலாளர் வந்து நின்றுவிட்டார். கீழே தாள் மாட்டி, மூன்று இயந்திரமும் தயாராக இருந்தன. விரல் சார் கடைசி வரிக்கு அப்புறம் இடைவெளி விசையை இரண்டு முறை தட்டினார்.

"உன் துடைப்பம்?"

"நேத்தே எடுத்துட்டேன் சார்."

"நகல்?"

"ரெண்டு டிஸ்க்குல இருக்கு. தொறந்தும் பாத்துட்டேன்."

அவர் தலையாட்டினார். கடிகார மூடியைத் திறந்து முள்ளைத் தொட்டார். "அப்ப எல்லாம் சரிதானே? அனுப்பிடலாமா?"

"அனுப்பும்மா, டைம் ஆச்சு" என்றார் மேலாளர்.

திரையில் ஒரு பெட்டி வந்திருந்தது. "அச்சுக்கு அனுப்பட்டுமா?" கீழே ஆம், இல்லை. வெந்நீரின் கை பழக்கத்தில் போய்விட்டது. பாதி வழியில் நின்றது. அவள் 'இல்லை'யை அழுத்தினாள்.

"ஒரு நிமிஷம் சார். கடைசிப் பயிற்சில பத்தாவது கணக்கு. நான் படிக்கும்போது ஒரு வரி தாண்டிட்டேனோன்னு சந்தேகமா இருக்கு. அந்தப் பக்கத்தை மறுபடி பாத்துடலாமா?"

"பஸ் போயிடுமே சார் உங்களுக்கு" என்றார் மேலாளர்.

விரல் சார் கடிகார மூடியைச் சாத்தினார். சட்டைப்பையிலிருந்து அவளுடைய பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"போகட்டும். நீ படிம்மா" என்றார்.